அடைகட்டை

சண்டை முடிந்த மறுவருஷம், தியத்தலாவை முகாமில்
லொறிகளை வரிசையாக நிறுத்தி ஏலம் போட்டார்கள்.
காசீம் முதலாளி மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.
டயரை ஒரு உதை உதைத்தார்,
மூக்கைச் சிந்தினார், விலையைச் சொன்னார்.
அந்தக் காசுக்கு
என் செவலையும் மயிலையும் போலப் பன்னிரண்டு ஜோடி வாங்கலாம்.
நின்றபடி கணக்குப் பார்த்தேன். வேறு வேலையில்லை எனக்கு,
மாடுகளை விற்று ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

பர்மாவில் ஓடிய வண்டியாம்.
வலது கதவில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை.
சவரிமுத்து பாஸ் தகரம் வைத்து அடைத்தார்.
இறக்கத்தில் தகரம் கழன்று விசில் அடிக்கும்.
யாருக்குப் பட்டதென்று யாரும் கேட்கவில்லை,
டிரைவர் தர்மதாச மட்டும்
அந்தப் பக்கத் தொடையை ஒடுக்கியே உட்காருவான்.
மூடியில் ஒரு வெள்ளை நட்சத்திரம்.
மூன்று தரம் பச்சை பூசியும்
மழை பிடித்தால் மெல்ல மேலே வரும்,
சட்டைக்குள் தேமல் தெரிகிற மாதிரி.

"ஓடத் தெரியுமா உனக்கு?" முதலாளி கேட்டார்.
ஓட்டவா என்று நினைத்தேன்.
ஓடத்தான்.

பெரகலைச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறுகிற ரோட்டில்
எஞ்சின் மூச்சு முட்டி நிற்கும் இடங்கள் ஏழு.
நின்றதும் பின்னால் நழுவும்.
நழுவுமுன் நான் குதித்து,
பலாமரத்தில் செதுக்கிய கட்டையை
டயருக்கு அடியில் திணிக்கவேண்டும்.
கட்டைக்கு ஒரு கயிறு. அதன் மறுமுனை என் மணிக்கட்டில்.
செவலைக்கு இதெல்லாம் தேவையில்லை,
ஏற்றத்தில் நிறுத்தினால்
கரத்தையைத் தானே குறுக்கே திருப்பி நிற்கும்.
லொறிக்கு அந்த அறிவு கிடையாது.
ஆனால் அது புல் கேட்பதில்லை,
பெட்ரோல் கூப்பன் கேட்கும்.

கீழே போகும்போது தேயிலைப் பெட்டி,
மேலே வரும்போது அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய்,
அதற்கு மேல் ஆட்கள்.
ஒருமுறை ஒரு ஆடு, ஒரு கல்யாணப் பெண்,
இரண்டும் வாந்தி எடுத்தன.
ரயில் பார்க்க என்றே இரண்டு தரம் ஏறினாள்
நாலாம் நம்பர் மலை அன்னக்கொடி.
பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்றாள்,
மூன்றாம் தரமும் ஏறினாள்.

நாற்பத்தேழில் ஓட்டுப் போடவும்
அதே பெட்டிகள் மேல் உட்கார்ந்துதான் போனோம்.
தலையில் எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு.
அடுத்த வருஷம் சட்டம் வந்தது.

பதுளைக் கந்தோரில் லொறியைப் பதிய
அரை நாள்தான் பிடித்ததென்று முதலாளி சொல்லியிருக்கிறார்.
எங்கே செய்ததென்று
எஞ்சினில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது,
கடலுக்கு அப்பால் ஏதோ ஊர்ப்பெயர்.
அதைப் பார்த்துத்தான் நம்பர் கொடுத்தார்களாம்,
இரண்டு எழுத்து, நான்கு இலக்கம்.
என்னிடம் கிளார்க் கேட்டார்,
அப்பன் எங்கே பிறந்தான்?
பெரகலைக்குக் கீழே, பழைய லயத்தில்.
தாள் இருக்கிறதா?
லயம் மண்சரிவில் போய்விட்டது ஐயா.
தாத்தன்?
அவர் வந்த நேரம்
இங்கே ரோட்டே இல்லை, ஐயா.
ரோடு போட வந்தவர்.
கிளார்க் எழுதினார்.
என்ன எழுதினார் என்று எனக்கு வாசிக்கத் தெரியாது.

திரும்பி வருகையில் ஐந்தாம் வளைவில் வண்டி நின்றது.
கீழே பனிமூட்டம், அதற்குக் கீழே பள்ளம்,
மேலே பதினெட்டுப் பேர்
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
குதித்தேன், திணித்தேன்.
டயர் அரை அங்குலம் பின்வாங்கி, கட்டையில் இடித்து,
நின்றது.

தர்மதாச கியரைப் போட்டு உறுமவிட்டான்.
"எடு, வீரபத்திரா, எடு!"
கயிறு கையில் இருந்தது. கிளட்ச் கருகிய வாடை.
ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்
நான் இழுக்காமல் நின்றேன்.